ஒத்தை விளக்கோடு வந்த கல்யாணக் கார்

தம்பிமார்களே, தங்கச்சிமார்களே, போன வாரம் டான் சோன் நாட் விமான நிலைய ரோட்டில் இருக்கும் நம் பட்டறைக்கு வந்திருந்தேன். "ரிட்டயர் ஆனாலும் இந்த ஆன்ட்டி சும்மா இருக்க மாட்டாங்க" என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழத்தான் செய்தது. சும்மா இருக்க மாட்டேன், உண்மைதான். ஒரு வெள்ளைக் காரின் முன் பம்பரில் கூடுதலாக இரண்டு விளக்கு பொருத்திக்கொண்டிருந்தீர்கள். நல்ல விளக்கு, நல்ல வயர், மூட்டுகளை எல்லாம் அழகாக மூடியிருந்தீர்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பேட்டரி பக்கம் எட்டிப் பார்த்தேன். இரண்டு விளக்குக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ். "ஏன் தம்பி ஒண்ணே ஒண்ணு?" என்றேன். "எல்இடி ஆன்ட்டி, கரன்ட் ரொம்ப இழுக்காது, ஒண்ணு போதும்" என்று பதில் வந்தது.

கணக்குப்படி பதில் தப்பே இல்லை. ஆனால் எனக்குக் கை பரபரவென்று வந்துவிட்டது. அங்கேயே ஆரம்பித்திருப்பேன், வண்டிக்காரர் பக்கத்தில் நின்றதால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். ஒரு ஃபியூஸா இரண்டு ஃபியூஸா என்பது உங்களுக்குச் சில்லறை விஷயம். என் தங்கச்சி கமலாவின் கல்யாணமே ஒரு நாள் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் மட்டுமா, அவள் உயிரும்தான். இதைச் சாப்பாட்டு நேரத்தில் படியுங்கள். வேலை நேரத்தில் படித்தால் முதலாளி என்னைத்தான் திட்டுவார்.

என்னைப் பற்றி நாலு வரி. நான் வியட்நாமில், இந்த ஊரிலேயே பிறந்தவள். அப்பா காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக்காரன் காலத்தில் குமாஸ்தாவாக வந்தவர். எழுபத்தைந்தில் சண்டை முடிந்த பிறகு நம் ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு பிரான்சுக்கும் ஊருக்கும் போனார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் நாங்கள் தங்கிவிட்டோம். அரசாங்க வண்டிகளைப் பழுது பார்க்கும் கூட்டுறவுப் பட்டறையில் ஆள் எடுத்தார்கள், போய் நின்றேன். எலக்ட்ரிக் பிரிவில் போட்டார்கள். அப்புறம் டிஸ்ட்ரிக்ட் நம்பர் ஒன்றில் மார்க்கெட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஒரு சின்னக் கடை, கடைசியில் ரிட்டயர் ஆகும்வரை நம் பட்டறை. இந்த ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் நான் 'சி ஹாய்'. பெரியக்கா என்று அர்த்தம். ஆறு அடி உயர லாரி டிரைவர் கூட சி ஹாய் என்றுதான் கூப்பிடுவான், திட்டினால் தலையைக் குனிந்துகொள்வான்.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் எதுவுமே கிடைக்காது. ஃபியூஸ் போனால் புது ஃபியூஸுக்கு எங்கே போவது? சிகரெட் பெட்டிக்குள் இருக்குமே வெள்ளித்தாள், அதைக் கிழித்துச் செத்த ஃபியூஸின் மேல் சுற்றி மாட்டிவிடுவார்கள். விளக்கு எரியும். டிரைவருக்குச் சந்தோஷம். இந்த ஊரே அந்த வெள்ளித்தாளில்தான் ஓடியது. நான் மட்டும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். ஃபியூஸ் இருப்பது விளக்கைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற. ஏதாவது கோளாறு என்றால் அது முதலில் சாக வேண்டும். அதைச் சாகவிடாமல் வெள்ளித்தாளைச் சுற்றினால் வயர் சாகும், வயரோடு வண்டி சாகும். சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம். தொண்ணூறுகளில் கடைகளில் ஃபியூஸ் குவிந்து கிடந்தபோதும் அந்தப் பழக்கம் போகவில்லை.

கமலாவின் கல்யாணம் அந்தத் தொண்ணூறுகளில்தான் நடந்தது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், நான்தான் அவளுக்கு எல்லாம். விமான நிலையத்தில் டிக்கெட் ஆபீசில் வேலை பார்த்தாள். அங்கேயே சரக்குப் பிரிவில் இருந்த துவான் என்கிற வியட்நாம் பையனைப் பிடித்துப்போயிற்று. தங்கமான பையன். அவன் அம்மாவுக்குத்தான் மனசில்லை. அவர்கள் ஊர் பேர் குச்சி. நகரத்துக்கு வெளியே வயலும் காய்கறித் தோட்டமும் மாடுகளுமாக இருக்கிற பக்கம். "கறுப்பா இருக்கா, வேற சாமி கும்பிடுறா, நம்ம வீட்டுக்கு எப்படி ஒத்துவரும்?" என்று ஒரு வருஷம் இழுத்தடித்தார்கள். கடைசியில் ஜோசியரிடம் போய் நாள் குறித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்கள். ஒரே ஒரு கண்டிப்பு. பெண் எங்கள் வீட்டை விட்டுக் கிளம்பினால் வழியில் நிற்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, நல்ல நேரம் முடிவதற்குள் மாப்பிள்ளை வீட்டு வாசலில் கால் வைக்க வேண்டும். எதிலாவது குறை வந்தால் இந்தச் சம்பந்தம் சாமிக்கே இஷ்டமில்லை என்று அர்த்தமாம். குறை வராதா என்று அந்த அம்மாள் காத்துக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

கார் சவரி அண்ணனுடையது. அவரும் காரைக்கால்தான், அப்பாவின் சிநேகிதர் மகன். பழைய கறுப்பு பிரெஞ்சுக் கார் ஒன்றை வைத்துக்கொண்டு கல்யாணங்களுக்கு ஓட்டுவார். பெண்டாட்டியைக் கவனித்தாரோ இல்லையோ, அந்தக் காரை நாள் தவறாமல் துடைப்பார். அதன் சொந்த விளக்குகள் மட்டும் வயசாகிப்போய் மஞ்சள் பூத்திருந்தன. மழைக்காலம், குச்சி ரோடு, ஓரத்தில் பாசனக் கால்வாய். அதனால் ராணுவச் சாமான் விற்கிற சந்தையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் இரண்டு விளக்கு வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

நான் மாட்டிக் கொடுத்தேன். ஒவ்வொரு விளக்குக்கும் கரன்டைத் திறந்து மூட ஒரு தனி ரிலே, தனி ஃபியூஸ்.

"எதுக்கு தங்கச்சி ரெட்டை வேலை? ஒண்ணா இழுத்து உடேன்" என்றார்.

"கொட்டுற மழையில போறப்ப ஃபியூஸ் போச்சுன்னு வைங்க. ஒரே ஃபியூஸுன்னா ரெண்டு விளக்கும் ஒண்ணா அவிஞ்சிரும். கால்வாய்ல எறங்க வேண்டியதுதான். தனித்தனியா இருந்தா ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கும்ணே."

"செய்யி, செய்யி. ஒன் கையில வண்டிய குடுத்தப்புறம் நான் யாரு கேக்குறதுக்கு?"

இன்னொன்றும் செய்தேன். பேட்டரியின் எர்த் வயரில் ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே திருகிக் கழற்றுகிற மாதிரி இரண்டு காது வைத்த நட்டைப் போட்டேன். அந்த ஒரு வயரைக் கழற்றினால் வண்டியில் எங்கேயும் கரன்ட் ஓடாது. அதைப் பார்த்துவிட்டு, "என்னா புள்ள, வண்டிக்குக் காது குத்தி கம்மல் போட்டிருக்கியா?" என்று சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கல்யாண நாள். வீடு அமர்க்களப்பட்டது. மாரியம்மன் கோயிலில் மாலை வாங்கி வந்தோம், துவான் தன் சொந்தக்காரர்களோடு தாம்பாளங்கள் தூக்கிக்கொண்டு வந்தான். இந்த ஊர்க் கல்யாணத்தில் எல்லாமே ஜோடி. மெழுகுவத்தி ஜோடி, மது ஜாடி ஜோடி, பழத் தட்டு ஜோடி. ஒற்றையாக எதுவும் இருக்கக் கூடாது, ஒற்றை என்றால் ஒருத்தர் தனியாகப் போய்விடுவார் என்று பயம். மாப்பிள்ளை அம்மா வரவில்லை. தன் கண்ணாகத் தன் நாத்தனாரை அனுப்பியிருந்தார்கள். கோ பா என்று கூப்பிடுவார்கள், துவானுக்கு அத்தை. ஒல்லியான உடம்பு, சண்டைக்காலம் முழுக்கக் குச்சியிலேயே கிடந்த மனுஷி, விரலிடுக்கில் எப்போதும் சிகரெட். அவரைக் கண்டால் துவானே நிமிர்ந்து உட்காருவான்.

நான் உள்ளே கமலாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது வெளியே நடந்ததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்புறம்தான் தெரிந்தது, ஆனால் நான் ஒன்றும் மர்மக்கதை எழுத உட்காரவில்லை. பூ அலங்காரம் செய்ய வந்தவன் விளக்குகளைச் சுற்றி ரோஜா வைத்து இரும்புக் கட்டுக்கம்பியால் இறுக்கினான். இடது விளக்கில் கம்பி வயரின் தோலைக் கடித்துவிட்டது. சவரி அண்ணன் அழகு பார்க்க ஸ்விட்சைப் போட்டார். இடது ஃபியூஸ் டப்பென்று போயிற்று. போக வேண்டியதுதான், அதற்குத்தான் அதை வைத்தேன். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

ஆனால் கல்யாண வாசலில் அது எப்படித் தெரிந்தது? வலது விளக்கு ஜெகஜோதியாக எரிய, இடது விளக்கு இருட்டு. கோ பா அதைப் பார்த்துவிட்டார். ஒத்தைக் கண் காரில் பெண்ணை ஏற்றுவதா! கிளம்புகிற நேரம் வேறு நெருங்குகிறது. சவரி அண்ணனிடம் மாற்று ஃபியூஸ் இல்லை. என்னைக் கூப்பிட்டிருக்கலாம். 'பெண்ணோட அக்கா உள்ள வேலையா இருக்கு, தொந்தரவு பண்ண வேணாம்' என்று நினைத்தாராம். பழைய புத்தி வந்துவிட்டது. வெள்ளித்தாளைச் சுற்றி மாட்டினார். கம்பி அந்த நேரம் சற்று விலகியிருந்ததால் இரண்டு விளக்கும் எரிந்தன, எல்லாரும் கை தட்டினார்கள். அதற்கப்புறம் பானெட்டின் மேல் பெரிய பூச்செண்டை வைத்து ரெண்டு பக்கக் கதவுக் கைப்பிடி வரை சிவப்பு ரிப்பனை இழுத்துக் கட்டினார்கள்.

கிளம்பினோம். சவரி அண்ணன் ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில். பின்னால் நடுவில் கமலா சிவப்பு ஆவ் ஸாய் அங்கியில், ஒரு பக்கம் துவான், மறு பக்கம் கோ பா. நகரத்தைத் தாண்டும்வரை வெயில். தாண்டியதும் வானம் கறுத்தது பாருங்கள், பட்டப்பகலில் விளக்கில்லாமல் ஒன்றும் தெரியவில்லை. கொட்டோ கொட்டென்று மழை. நல்லவேளை விளக்கு மாட்டினோம் என்று எனக்கு ஒரே பூரிப்பு. "பாத்தீங்களாண்ணே?" என்றேன். "நீ கெட்டிக்காரி புள்ள" என்றார். கமலா பின்னால் துவானிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று.

ரோடு மோசமானது. பள்ளம், மேடு, பள்ளம். ஒரு பெரிய பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. கொஞ்ச தூரம் போயிருப்போம், எனக்கு மூக்கில் ஏதோ தட்டியது.

ரப்பர் கருகும் வாடை. கோ பாவின் சிகரெட்டா என்று திரும்பிப் பார்த்தேன். அவர் கையில் சிகரெட் இல்லை. முன்னால் பார்த்தேன். இடது பக்கத்து வெளிச்சம் மங்கி மங்கி வருகிறது. எட்டி ஸ்விட்சை அணைத்தேன். வலது விளக்கு அணைந்தது. இடது அணையவில்லை! சிவந்த கண்ணாகச் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. ரிலேயின் உள்ளே இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டுவிட்டன என்றால், ஓடக் கூடாத அளவுக்குக் கரன்ட் ஓடியிருக்க வேண்டும். அப்படியானால் ஃபியூஸ் ஏன் போகவில்லை? பானெட்டின் ஓரத்திலிருந்து மெல்லிசாகப் புகை வந்து மழையில் கரைந்தது. அந்தப் பானெட்டுக்குக் கீழே பெட்ரோல் குழாய் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும், நான் தொட்டு வேலை செய்த வண்டி.

"அண்ணே, நிறுத்துங்க!"

"கூடாது! நிக்கக் கூடாது!" என்று பின்னாலிருந்து கோ பா வியட்நாம் பாஷையில் கத்தினார். "இன்னும் கொஞ்ச தூரம்தான். நின்னா எங்க அண்ணி வாசல்ல விடமாட்டா!"

சவரி அண்ணன் இருதலைக் கொள்ளி எறும்பானார். "அந்தா ஒரு காப்பிக் கடை தெரியுதும்மா, கூரை இருக்கு. அதுவரைக்கும் போயி கண்ணுல படாம ஒதுங்கிக்குறேன்" என்றார்.

தம்பிமார்களே, தங்கச்சிமார்களே, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். அவர் சொன்னது முட்டாள்தனம் இல்லை. எவ்வளவு இங்கிதமான யோசனை! மழைக்கு ஒதுங்கினோம் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கும் ஒரு கணம் மனசு தடுமாறியது. நான் நிறுத்தச் சொல்லி அது ஒன்றுமில்லாத புகையாக இருந்தால், என் தங்கச்சி கல்யாணத்தை நானே கெடுத்தவள் ஆவேன். ஒரு வருஷம் அவள் அழுதது எனக்குத் தெரியும். ஆனால் நெருப்புக்குக் காப்பிக் கடை தெரியாது, நல்ல நேரமும் தெரியாது. வயர் புகைகிறது, ஸ்விட்ச் பேச்சைக் கேட்கவில்லை என்றால் பேரம் பேச இடமே இல்லை.

"இப்பவே நிறுத்துறீங்களா, நான் ஸ்டியரிங்க பிடிச்சு இழுக்கவா?" என்று கத்தினேன். நான் செய்யக்கூடியவள் என்று அவருக்குத் தெரியும். நிறுத்திவிட்டார். பின்னால் வந்த மண் லாரி அலறிக்கொண்டு எங்களை உரசாத குறையாகத் தாண்டியது.

"இன்ஜினை நிறுத்துங்க! எல்லாரும் எறங்குங்க! கமலா, எறங்குடி!"

துவானும் கோ பாவும் இறங்கிவிட்டார்கள், அவள் இறங்கவில்லை. கதவோரம் நகர்ந்துவந்து, கால் நடுவழியில் தரையில் படக் கூடாதே என்று அப்படியே உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, கால் வெச்சா அவ்வளவுதான்க்கா" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை இழுத்திருப்பேன். அதற்குள் கோ பா புகையைப் பார்த்துவிட்டார். சண்டைக்காலம் பார்த்த மனுஷி இல்லையா, ஒரே நொடியில் ஆளே மாறிவிட்டார். "டேய் துவான்! பார்த்துக்கிட்டு நிக்கிற? தூக்குடா அவளை! கால் தரையில படாமத் தூக்கிக்கிட்டு ஓடு!" என்று அதட்டினார். துவான் கமலாவை அலாக்காகத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினான். செருப்பு ஒன்று கழன்று சேற்றில் விழுந்தது. கோ பா தன் குடையை அவர்கள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

நான் பானெட்டுக்கு வந்தேன். ரிப்பன் குறுக்கே கட்டியிருக்கிறது, திறக்க முடியவில்லை! கல்யாணப் பூ, சிவப்பு ரிப்பன், எல்லாவற்றையும் பிய்த்து எறிந்தேன். சவரி அண்ணன் பானெட்டை ஒரேயடியாகத் தூக்க வந்தார். "தூக்காதீங்க! காத்து போனா பத்திக்கும்!" என்று அவர் கையைத் தட்டிவிட்டேன். கை நுழைகிற அளவுக்கு மட்டும் தூக்கி, புகைக்குள் கையை விட்டுத் தடவினேன். அந்தக் காது வைத்த நட்டு கையில் சிக்கியது. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! இரண்டு திருகு, வயர் கழன்றது, இழுத்து ஒதுக்கினேன். இடது விளக்கின் சிவப்புக் கண் மூடியது. புகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. விரல் நுனி வெந்துபோனதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஸ்பேனர் தேடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதில்லை.

பானெட்டைத் திறந்து பார்த்தோம். இடது வயர் கருகி, பெட்ரோல் குழாய்க்கு ஒரு சாண் பக்கத்தில் தோல் உருகித் தொங்குகிறது. ஃபியூஸைக் கழற்றினேன். அதன் மேல் கறுத்துப்போன வெள்ளித்தாள்!

"அறிவிருக்காண்ணே ஒங்களுக்கு?" என்று நடுரோட்டில் நின்று கத்தினேன். "எத்தனை தடவ சொல்லியிருக்கேன்? எந்தப் பாவி இந்தத் தாளைக் குடுத்தது?"

குடையோடு வந்து நின்ற கோ பா என் கையிலிருந்ததைப் பார்த்தார். தமிழ் தெரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது.

"நான்தான் குடுத்தேன். என் சிகரெட் பெட்டித் தாள்தான்" என்றார். "ஒத்தையா எரியக் கூடாதுன்னு நான்தான் கட்டாயப்படுத்தினேன்."

மாப்பிள்ளை வீட்டு மனுஷியிடம் பெண் வீட்டுக்காரி இப்படிப் பேசக் கூடாதுதான். ஆனாலும் "ஜோடி வேணும்னு சொன்னீங்களே அத்தை, அந்த ஜோடியையே எரிச்சிருப்பீங்க" என்று வியட்நாம் பாஷையில் சொல்லிவிட்டேன். மரத்தடியில் துவான் இன்னும் கமலாவைக் கீழே இறக்காமல் தூக்கிக்கொண்டே நின்றான். கோ பா அவர்கள் இருவரையும் வெகுநேரம் பார்த்தார்.

கல்யாணத்துக்கே போனாலும் என் கைப்பையில் கட்டிங் பிளையரும் டேப்பும் இருக்கும். கருகிய வயரை இரண்டு பக்கமும் வெட்டி, முனைகளை மூடி, இடது ரிலேயைப் பிடுங்கி எறிந்தேன். எர்த்தை மாட்டினேன். வண்டி கிளம்பியது. வலது விளக்கு, தன் சொந்த ஃபியூஸோடு, ஒரு கீறல் இல்லாமல் ஜம்மென்று எரிந்தது. அதை மறுபடி அணைத்துவிட்டுக் கோ பாவைப் பார்த்தேன். இது இல்லாமல் கால்வாய் ஓரத்தில் ஊர்ந்து போனால் நல்ல நேரம் போய்விடும். இதைப் போட்டுக்கொண்டு போனால் ஒத்தைக் கண் கார்.

"போடு" என்றார் கோ பா. "ஒத்தை விளக்கோடயே போவோம். அங்க நான் பேசிக்கிறேன்."

நல்ல நேரம் முடியக் கொஞ்சமே இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். வாசலில் தார்ப்பாய்ப் பந்தல், அதன் கீழே ஊரே நிற்கிறது. முன்னால் துவானின் அம்மா. பூவும் ரிப்பனும் இல்லாத பானெட்டைப் பார்த்தார்கள். எரிகிற ஒரு விளக்கைப் பார்த்தார்கள். கமலாவின் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார்கள்.

"வழியில நின்னீங்களா?" என்றார்கள்.

கமலா என் கையைப் பிடித்த பிடியில் எனக்கு வெந்த விரலில் உயிர் போயிற்று.

"நின்னோம் அண்ணி" என்றார் கோ பா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "தீப்பிடிக்க இருந்துச்சு. அதுக்குக் காரணம் நான். நிறுத்தினது இந்தப் பொண்ணோட அக்கா. அவ நிறுத்தலன்னா நீ இன்னைக்குக் கல்யாண மெழுகுவத்தி ஏத்த மாட்ட. இவங்க படத்துக்கு ஊதுவத்தி ஏத்தியிருப்ப."

அந்த அம்மாள் ஒதுங்கி வழி விட்டார்கள். கமலா வாசலில் கால் வைத்தாள். எனக்குப் பாதி உயிர் திரும்பியது. மீதிப் பாதி வரவில்லை, ஏனென்றால் அவர்கள் முகம் தெளியவே இல்லை.

உள்ளே முன்னோர் படங்களுக்கு முன்னால் இரண்டு பெரிய சிவப்பு மெழுகுவத்திகள். தெற்கு வியட்நாம் கல்யாணத்தில், நாம் தாலி கட்டுவது மாதிரி அதுதான் முக்கியம். வீட்டுப் பெரியவர் ஒன்றை ஏற்றினார், அடுத்ததை ஏற்றினார். இரண்டும் நிமிர்ந்து எரிந்தன. அந்த நேரம் பார்த்து மழைக்காற்று ஒரு ஜன்னலை அடித்துத் திறந்துவிட்டது. இடது மெழுகுவத்தி அணைந்துபோயிற்று.

கூட்டம் முழுக்க 'ஐயோ' என்றது. யாரோ ஒரு கிழவி முந்தானையை, இல்லை, கழுத்துத் துணியை வாயில் வைத்துக்கொண்டாள். கமலா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். போச்சு, இத்தனை பாடுபட்டும் எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

துவானின் அம்மா முன்னால் வந்தார்கள். ஜன்னலை அடைத்தார்கள். எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தியைத் தாங்கியிலிருந்து எடுத்து, அணைந்ததன் திரியில் வைத்து ஏற்றினார்கள். பிடித்ததும் பழையபடி வைத்துவிட்டுத் திரும்பி, கமலாவைப் பார்த்துச் சொன்னார்கள்:

"பயப்படாதம்மா. ஒண்ணு அணைஞ்சா இன்னொண்ணு எரியணும், அவ்வளவுதான். ரெண்டும் ஒண்ணா அணையாம பார்த்துக்குங்க."

கமலா அங்கேயே உடைந்து அழுதாள். அவர்கள் அவள் ஈர முடியைத் தன் கையாலேயே துடைத்துவிட்டார்கள். சவரி அண்ணன் என் பக்கம் குனிந்து, "இதத்தானே புள்ள நீ அன்னிக்குப் பட்டறையில சொன்ன?" என்றார். நானும் அழுதுகொண்டிருந்தேன்.

அந்த வெள்ளைக் காரை வண்டிக்காரர் சனிக்கிழமைதான் எடுத்துக்கொள்ள வருவார் என்று கேள்விப்பட்டேன். இன்னும் நேரம் இருக்கிறது. இன்னொரு ஃபியூஸ் போட்டு அனுப்புங்கள்.